பீர் முகமது பட்டறையும் மருமகளின் கறுப்புப் பொடியும்

சாகிராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய மாமனாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் சாகிராவுக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

மாமனார் பெயர் பீர் முகமது. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு 1998இல் ஊர் திரும்பினார். அப்படித் திரும்பி வருகிறவர்கள் ஜவுளிக்கடை வைப்பார்கள், இல்லையென்றால் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பிவிட்டு அதில் யாரும் குடியிருக்காமல் பார்த்துக்கொள்வார்கள். பீர் முகமது வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு குரோம் பட்டறை ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிள் சைலன்ஸர், லாரி பம்பர், சைக்கிள் ஹேண்டில்பார் என்று பெரம்பலூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் துருவேறி வந்தவையெல்லாம் அவருடைய தொட்டிகளில் முங்கி எழுந்து, முகம் பார்க்கிற கண்ணாடியாகத் திரும்பிப் போயின.

வேலை இல்லாத நாளிலும் அவர் கை சும்மா இருக்காது. வீட்டுத் தாழ்ப்பாள், குடைக்கம்பி, சுவர் ஆணி என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போய் மறுநாள் பளபளவென்று இடத்துக்கு வந்துவிடும். ஒரு பெருநாளுக்கு முதல் நாள் அவர் மனைவி சபுரா பீவி இடியாப்பக் குழலைத் தேடித் தேடிக் கடைசியில் பட்டறையில் கண்டுபிடித்தாள்.

“இதையும் முக்கிட்டீங்களா? திங்கிற சாமான் செய்யறதுங்க இது!”

“மூஞ்சி தெரியுது பாரு” என்றார் பீர் முகமது.

இந்த வீட்டுக்குத்தான் 2002இல் சாகிரா மருமகளாக வந்தாள். பெரம்பலூர்ப் பெண். திருச்சியில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்தவள். நல்லவள்தான், ஆனால் யாராவது தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைத் திருத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. நிக்காஹ் முடிந்த மத்தியானம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி அவள் விரலைப் பிடித்து, “மோதிரம் சுத்தத் தங்கமாக்கும்” என்றாள். முக்காட்டுக்குள்ளிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது: “சுத்தத் தங்கத்துல மோதிரம் செஞ்சா வளைஞ்சு போயிடுங்க. கொஞ்சமாச்சும் செம்பு இருக்கும்.”

விஷயம் ஆண்கள் பக்கம் போனபோது மாப்பிள்ளை இலியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பீர் முகமது சிரிக்கவில்லை. அவருக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. “பாத்தியா, மருமவளுக்கு உலோகம் தெரியுது” என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பட்டறைக்கு ஒரு கெமிஸ்ட் வந்துவிட்டாள் என்று அவர் கணக்குப் போட்டார். அது சரியான கணக்குதான். என்ன மாதிரி கெமிஸ்ட் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

கல்யாணமாகிச் சில மாதங்களில் இலியாஸ் துபாய்க்குப் போனான். சாகிரா பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். மருமகள் தினமும் பஸ் ஏறுவதைப் பற்றித் தெருவில் சிலர் பேசினார்கள். “எங்க வூட்டு கெமிஸ்ட்ரி போகுது, வழி விடுங்க” என்று பீர் முகமது சொன்னதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

2005இல் பேய் மழை. வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வீட்டுக் கிணறு கையால் மொள்ளும் உயரத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீரைச் சபுரா பீவி வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் மொண்டபோது, அது எலுமிச்சம்பழ ஜூஸில் பாதி தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சோற்றுக்கும் குழம்புக்கும் தெருக்குழாயில் பிடித்து வந்தாள். பக்கத்து வீட்டு நைனா முகமது வீட்டிலும் அப்படித்தான். தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் பீர் முகமதுவிடம் பைக்கையோ கட்டில் காலையோ கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கியவர்கள் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

“புதுத்தண்ணி. மண்ணு கலரு” என்றார் பீர் முகமது, யாரும் கேட்காமலே.

சாகிரா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். ஆய்வகத்தில் சோதனைத் திரவத்தை ஊற்றியதும் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. குரோமியம். அதிலும் கெட்ட வகை குரோமியம். முலாம் தொட்டியில் முக்கியதைக் கழுவுகிற தண்ணீர், பட்டறைக்குப் பின்னாலிருந்த உறிஞ்சு குழியில் இறங்கி, ஏழெட்டு வருஷமாக மண்ணுக்குள் நடந்து கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சாயங்காலம் மாமனார் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“மாமா, நம்ம கிணத்துல குரோமியம் இருக்கு. குடிச்சா உடம்புக்கு ஆகாது. பட்டறைத் தண்ணிதான் எறங்குது.”

“பட்டறைத் தண்ணின்னு அதுல பேரு எழுதியிருக்கா?”

மற்ற மருமகள்களாக இருந்தால் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். சாகிரா அந்த வார ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் வாங்கினாள். கல்லூரியிலிருந்து திரவத்தைக் கொண்டுவந்து, பாட்டில்களை முற்றத்தில் வரிசையாக வைத்து மாமனார் முன்னாலேயே ஊற்றினாள். தெருக்கோடிப் பாட்டில் அப்படியே இருந்தது. நடுத்தெருப் பாட்டில் லேசாகச் சிவந்தது. நைனா முகமது வீட்டுப் பாட்டில் ரோஜா நிறம். சொந்த வீட்டுப் பாட்டில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிற ஊதா. பேர் எழுதவில்லைதான், ஆனால் விலாசம் எழுதியிருந்தது.

பீர் முகமது குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கலரு நல்லாத்தான் இருக்கு” என்றுவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

பட்டறையை மூடச் சொல்ல சாகிராவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பளபளப்பு மட்டுமில்லையென்றால் அந்த மனிதர் ஒரு நாளைக்கூட ஓட்ட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மூடாமல் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு, கல்லூரியின் மூத்த பேராசிரியர் சிவசுப்பிரமணியனிடம் போய் நின்றாள்.

சிவசுப்பிரமணியன் அரியலூர்க்காரர். எதைக் கேட்டாலும் “பார்ப்போம்” என்பார். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது வீட்டு முகவரியை மாற்றச் சொன்னார்கள். “பார்ப்போம்” என்றார். அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து அந்த வார்த்தையின் மேல் அவருக்கு நம்பிக்கை கூடிப்போயிருந்தது.

“மிக நுண்ணிய இரும்புத் துகள்களைக் கொண்டு இந்த குரோமியத்தை அடக்கலாம் என்று வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள்” என்றார் அவர். “ஆனால் அந்தத் துகளைத் தயாரிக்க ஊற்றுகிற ரசாயனம் விலையும் ஜாஸ்தி, அதுவே ஒரு விஷம்.”

“விஷத்தை எடுக்க இன்னொரு விஷமா சார்? செடியிலேர்ந்து எதையாவது வச்சுச் செய்ய முடியாதா?”

“பார்ப்போம்” என்றார். அந்த வார்த்தையையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சாகிரா அவரிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டாள்.

முதல் ஆறேழு மாதம் எதுவும் நடக்கவில்லை. வேப்பிலை, மருதாணி, தேயிலை, புளியங்கொட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் காய்ச்சினாள். ஏதோ கொஞ்சம் நடந்ததே தவிர, பாட்டிலின் ஊதா போகவில்லை. வழி ஆண்டிமடத்திலிருந்து வந்தது. கல்லூரியில் தமிழ் நடத்திய இலக்கியா ஆண்டிமடத்துப் பெண். அவள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தோல் உரிக்காத பருப்பை ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தோலை எடுத்துட்டுத் தின்னுங்க சாகிரா, துவர்க்கும்.”

சாகிரா எதையோ யோசித்துக்கொண்டு தோலோடு மென்றுவிட்டாள். நாக்கு மடங்கிக்கொள்கிற துவர்ப்பு. யாராயிருந்தாலும் தண்ணீர் கேட்டிருப்பார்கள். அவள் வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவ்வளவு துவர்ப்பு இருக்கிற தோல், இரும்பைச் சும்மா விடாது. இலக்கியா முகத்தைச் சுளித்தபடி எழுந்து போய்விட்டாள். ஆனாலும் அடுத்த வாரம் ஒரு சாக்கு நிறையத் தோல் கொண்டுவந்து போட்டாள். அவர்கள் வீட்டில் அதை அடுப்பில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோலைக் கொதிக்க வைத்தால் டிகாஷன் மாதிரி செம்பழுப்புச் சாறு இறங்கியது. அதை இரும்பு உப்புக் கரைசலில் ஊற்றியதும் பேனா மை போலக் கறுத்தது. அந்தக் கறுப்பில்தான் கண்ணுக்கே தெரியாத துகள்கள் இருந்தன. வடிகட்டி, காயவைத்து, பொடியாக்க வேண்டும். கல்லூரியில் இருந்த அரவை இயந்திரம் ரிப்பேர். எனவே சபுரா பீவியின் மிக்ஸிக்கு அந்த வேலை வந்தது. மசாலா அரைக்கப் போன சபுரா பீவி, ஜாரைத் திறந்து பார்த்து, “அல்லா, யாரு இதுல அடுப்புக்கரியை அரைச்சது?” என்று போட்ட சத்தம் பட்டறை வரை கேட்டது. அதன் பிறகு அந்த ஜாரை யாரும் சமையலுக்குத் தொடவில்லை. சபுரா பீவிக்குப் புது ஜார் வாங்கித் தந்த பிறகுதான் மருமகளுக்கு டீ கிடைத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் சாகிரா மாமனாருக்கு விளக்கப் பார்த்தாள்.

“ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் இழையாக் கிழிச்சா எப்படி இருக்கும்? அவ்ளோ சின்னத் துகள் மாமா. அதுக்குப் பேரு நானோ.”

பீர் முகமது சோற்றிலிருந்து கையை எடுத்தார். “நீயா? நீ எப்படிம்மா காரணமாவ? நீ இந்த வூட்டுக்கு வரதுக்கு முன்னாடியே பட்டறை இருக்கே.”

“நானோன்னா நான் இல்ல மாமா. ரொம்பப் பொடிசுன்னு அர்த்தம்.”

“பொடிசுன்னே சொல்லிட்டுப் போயேன். நானோ நீயோன்னு எதுக்கு?”

“நீங்களோன்னு கேட்டிருந்தா சரியா இருந்திருக்கும்” என்று சபுரா பீவி ரசத்தை ஊற்றினாள்.

2006இல் நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னால், அந்தப் பொடி வேலை செய்தது. சாகிரா ஒரு பாட்டிலில் பட்டறையின் கழுவு தண்ணீரையே எடுத்துக்கொண்டாள், நல்ல மஞ்சள். பொடியைப் போட்டுக் குலுக்கி, கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவிட்டாள். சாயங்காலம் மேலே நின்ற தண்ணீர் பளிங்காக இருந்தது. சோதனைத் திரவத்தை ஊற்றினாள். ஊதா வரவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தவள், ‘மெதுவா நடம்மா’ என்கிற மாமியையும் கடந்து பட்டறை வாசலுக்கே போய்விட்டாள்.

பீர் முகமது பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பளபளப்பு என்றால் என்னவென்று தெரியும். அந்தத் தண்ணீர் பளபளத்தது. அந்த நிமிஷமே கட்சி மாறினார். ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து இறங்கியவர்களை நிறுத்தி நிறுத்தி, “என் மருமவ ஒரு பொடி கண்டுபிடிச்சிருக்கா. ஒரு சிட்டிகை. அவ்ளோதான்” என்று சொன்னார். அது மண்ணு கலரு என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்த மனிதர், இப்போது கிணற்றின் மஞ்சளைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகப் பேசினார். அவர் பொடியைப் பற்றிப் பேசப் பேச அதன் சக்தி கூடிக்கொண்டே போனது.

விஷயம் அத்தோடு நின்றிருக்கலாம். பெருநாளுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, சாகிரா கல்லூரிக்குப் போயிருந்த நேரம். மாடி அறையில் மூடி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா நிறையப் பொடி. மாதக்கணக்கில் அவள் சேர்த்தது. பெருநாளைக்கு மருமகளுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாமே என்று நோன்பு வயிற்றோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார் பீர் முகமது. பிஸ்மில்லா சொல்லி அவ்வளவையும் கிணற்றில் கொட்டினார். நீளக் கழியால் கிண்டியும் விட்டார்.

கிணறு கறுத்தது. சாதாரணக் கறுப்பில்லை. எட்டிப் பார்த்தவர்களுக்குத் தங்கள் தலைகூடத் தெரியாத கறுப்பு.

சாகிரா பஸ் இறங்கி வந்தபோது தெருவே வீட்டு முற்றத்தில் இருந்தது. கறுத்த கிணற்றை இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பீர் முகமது மோட்டாரைப் போட்டிருந்தார். குழாய் முனை பின்பக்கத்துக் காலிமனையைப் பார்த்திருந்தது. அதற்கும் நைனா முகமது வீட்டுக் கொடிக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டுமே. அந்தக் கொடியில் பெருநாளுக்கென்று வெளுத்துக் காயப்போட்ட வெள்ளைக் கைலிகளும் ஜிப்பாக்களும் தொங்கின. குழாயில் ஒரு ஓட்டை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“காக்கா, இது என்ன டிசைனு?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் நைனா முகமது, புள்ளி புள்ளியாகிப்போன ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

சாகிரா மோட்டாரை நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்துத் தெரு தானாகக் கலைந்தது.

“மாமா, அந்தப் பொடி முழுக்கக் கொட்டிட்டீங்களா?”

“கொஞ்சமா போட்டா கெணத்துக்குப் பத்தாதுன்னு...”

“கிணத்துக்குப் போடுறதே இல்ல மாமா அது! மேல உங்க பட்டறையிலேர்ந்து மஞ்சத் தண்ணி இப்பவும் எறங்கிட்டேதான் இருக்கு. நீங்க ஒரு பக்கம் ஊத்துவீங்க, நான் ஒரு பக்கம் பொடி போட்டுட்டு நிக்கணுமா? எறங்கறதை நிறுத்துங்க மொதல்ல. எட்டு மாசம் கஷ்டப்பட்டு... போங்க மாமா!”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமனாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பீர் முகமது நோன்பு திறக்கும்வரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு மருமகளிடம் நேராகப் பேசவும் இல்லை. சபுரா பீவி தபால் ஆபீஸானாள். “உப்பு வேணுமான்னு கேளு”, “வேணாம்னு சொல்லு” என்று மூன்றடித் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பேச்சு நடந்தது. துபாயிலிருந்து போன் வந்தால் முதலில் அத்தாவிடம், பிறகு மனைவியிடம், தனித்தனியே புகார் கேட்டான் இலியாஸ்.

“ரெண்டு பேரும் சொல்றது சரிதானே” என்றான் ஒரு முறை.

“ரெண்டும் சரியா இருக்க முடியாது மச்சான்” என்று சாகிரா போனை வைத்தாள்.

கல்லூரியில் சிவசுப்பிரமணியனும் கோபத்தில் இருந்தார். அவருடைய கோபம் எப்படியென்றால், “பார்ப்போம்” என்பதைக்கூடச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். ஆராய்ச்சியையே விட்டுவிடலாம் என்று சாகிரா நினைத்தாள். மறுபடி தோல், மறுபடி காய்ச்சல், மறுபடி மிக்ஸி. யாருக்காக?

ஒரு நாள் காலை அடுப்படியில் மாமியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சபுரா பீவி தன்பாட்டுக்குச் சொன்னாள்: “தொழுகைக்கு ஒளு செஞ்சு கை கால் கழுவறப்ப மனுஷன் பல்லைக் கடிச்சிட்டு நிக்குறாரு. தண்ணி பட்டா கை எரியுது போல. சூட்டுப் புண்ணுன்னு சொல்லுவாரு. ஷார்ஜாவுலேர்ந்து வந்தப்பவே இருந்துச்சு. இப்ப மூக்குலேர்ந்தும் ரத்தம் வருது.”

சாகிராவின் கை நின்றது. குரோமியத்தைப் பற்றி அவள் எவ்வளவோ படித்திருந்தாள். முலாம் தொட்டியில் வேலை செய்கிறவர்களின் கையில் சின்னச் சின்ன வட்டக் குழிப் புண்கள் விழும், மூக்கின் உள்சுவர் அரிக்கும் என்பதும் அதில் இருந்தது. பரீட்சையில்கூட எழுதியிருக்கிறாள். நான்கு வருஷமாக எதிரே உட்கார்ந்து சோறு தின்கிற கையை மட்டும் அவள் பார்க்கவில்லை.

எழுந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். பீர் முகமது ஒரு சைலன்ஸரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபுரா பீவி பக்கத்தில் இல்லாததால் எந்த வழியாகப் பேசுவது என்று தெரியாமல் துணியைப் பார்த்தார்.

“மாமா, கையைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல.”

“காட்டுங்க.”

காட்டினார். விரல் இடுக்குகளில், மணிக்கட்டில், பழைய குழிகளும் புதிய குழிகளும். ஆணியால் குத்தியது போல வட்டமாக இருந்தன.

“அங்க வேலை செஞ்ச எல்லாருக்கும் இருந்துச்சும்மா” என்றார் பீர் முகமது மெதுவாக. “சம்பளத்தோட சேத்துக் குடுக்கறதுன்னு நெனச்சுக்கிட்டோம்.”

“கிணத்தைப் பத்தியே பேசிட்டிருந்தேன் மாமா” என்றாள். “உங்களைக் கேக்கவே இல்ல.” பீர் முகமது அந்தப் பளபளத்த சைலன்ஸரைத் திருப்பி வைத்தார். அதில் இரண்டு முகமும் கோணல்மாணலாகத் தெரிந்தது.

அந்த வாரமே பெரம்பலூரில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நீளக் கையுறையும் மூக்குக்கு உறையும் இல்லாமல் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். “நாய் புடிக்கிற வண்டிக்காரன் மாதிரி இருக்கேன்” என்று முதல் நாள் பீர் முகமது நொந்துகொண்டார். இரண்டாம் நாள் அந்தக் கையுறையோடு கடைத்தெருவரை போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

மருமகள் சொன்னதையெல்லாம் அதன் பிறகு அவர் கேட்டார். பட்டறைக்குப் பின்னாலிருந்த உறிஞ்சு குழியை மூடி சிமென்ட் போட்டார். கழுவுகிற தண்ணீர் இப்போது இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குப் போனது. பொடியாகவே போட்டால் தண்ணீரோடு கலந்து போய்விடுகிறது என்பதை அந்தக் கிணறு கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் சாகிரா வெள்ளாற்று மணலை அலசி, முந்திரித் தோல் சாறும் இரும்பும் சேர்ந்த கறுப்பை அதன்மேல் படியவைத்தாள். முதல் பீப்பாயில் அந்தக் கறுப்பு மணல். அதில் மஞ்சள் நீர் வடிந்து இறங்கும்போது கெட்ட குரோமியம் சாதுவான வகையாக மாறும். இரண்டாவது பீப்பாயில் சுண்ணாம்பு. அங்கே அது பச்சை கலந்த சேறாக அடியில் உட்கார்ந்துவிடும். தெளிந்த தண்ணீரைப் பட்டறையிலேயே மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

“அப்ப விஷம் போயிருச்சா?” என்று கேட்டார் பீர் முகமது.

“போகாது மாமா. குணம் மாறும், கோவம் கொறையும், ஒரு மூலையில உக்காரும். அந்தச் சேத்தையும் கழிஞ்ச மணலையும் எடுத்து நாம பத்திரமா வைக்கணும். வெளிய கொட்டுனா மறுபடி கதை ஆரம்பிக்கும்.”

“உங்க மாமா மாதிரின்னு சொல்லு” என்றாள் சபுரா பீவி.

சேற்றைப் போட்டு வைக்க ஒரு சிமென்ட் உறையைக் கூரைக்கடியில் இறக்கி மூடி போட்டார்கள். பீர் முகமதுவுக்குப் பீப்பாய்கள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. சோதனைத் திரவத்தை எப்படி ஊற்றுவது என்று மருமகளிடம் கேட்டுப் படித்துக்கொண்டு, காலையில் பட்டறை திறந்ததும் அதைத்தான் முதலில் செய்தார். துளியாவது ரோஜா நிறம் தெரிந்தால் அன்றைக்கு வேலையில்லை. பம்பரோடு வந்து நிற்கிற லாரிக்காரரிடம், “மணலு களைச்சுப் போச்சுங்க, நாளைக்கு வாங்க” என்பார். லாரிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. நைனா முகமது மட்டும் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, “கொடியில துணி கெடக்கு காக்கா, பாத்து” என்று அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

சாகிராவுக்கும் எல்லாம் வெற்றியாக முடிந்துவிடவில்லை. ஒரு தடவை வந்த மூட்டைத் தோலில் துவர்ப்பே இல்லை, அந்த மாதப் பொடி முழுக்க வீண். சாற்றின் பக்குவம் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருந்தது. திருச்சியில் ஒரு கருத்தரங்கில் பேசியபோது, “இதைப் பெரிய தொழிற்சாலைக்குச் செய்ய முடியுமா?” என்று ஒருவர் கேட்டார். “தெரியலைங்க” என்று அவள் உள்ளபடியே சொன்னாள். சிவசுப்பிரமணியன் அதற்காக அவளைப் பாராட்டினார். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமான அன்று, அவர் ஆய்வகத்துக்கு லட்டு கொண்டுவந்தார். முகவரியை மாற்றுவீர்களா சார் என்று சாகிரா கேட்டாள். என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த டிசம்பரில் இலியாஸ் விடுமுறையில் வந்தான். முதல் நாள் மத்தியானம் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், சின்ன வயசு ஞாபகத்தில் கிணற்றில் வாளியை இறக்கினான். பழைய கறுப்பு அடியில் படிந்து, தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாயருகே கொண்டுபோனபோது, பட்டறையிலிருந்து அத்தாவும் அடுப்படியிலிருந்து மனைவியும் ஒரே நேரத்தில் “குடிக்காதே!” “குடிக்காதீங்க!” என்று கத்தினார்கள். வாளி அவன் கையிலிருந்து நழுவியது.

“தெளிவாத்தானே இருக்கு?”

“கண்ணுக்குத்தான் தெளிவு” என்றாள் சாகிரா. “ஊத்திப் பாத்தா இன்னும் லேசா செவக்குது. பழைய விஷம் மண்ணுல தங்கியிருக்குல்ல, அது மெள்ளத்தான் எறங்கும்.”

“இன்னும் எத்தனை நாளைக்கு?”

“தெரியல மச்சான்.”

“அப்ப ரெண்டு வருஷமா வூட்ல என்னதான் செஞ்சீங்க?”

சாகிரா வாய் திறப்பதற்குள் பீர் முகமது கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “கெடுக்கறதை நிறுத்தியிருக்கோம்டா. அதுக்கே இவ்ளோ நாளாச்சு.”

மறுநாள் இலியாஸ் மனைவியைப் பைக்கில் உட்காரவைத்து ஆண்டிமடத்துக்குக் கூட்டிப்போனான். தோல் மூட்டை வாங்கப் போகிற சாக்கில் ஒரு சவாரி. செந்துறை தாண்டியதும் சாலையின் இருபுறமும் முந்திரித் தோப்பு. வழியெல்லாம் அவள் கரைசலின் பக்குவத்தைப் பற்றியே பேசினாள். அவன் ஹெல்மெட்டுக்குள் ‘உம்’ கொட்டிக்கொண்டே வந்தான். இலக்கியா வீட்டில் சாப்பாடு போட்டு, பெரிய மூட்டை ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்கள். அதைப் பைக்கின் பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிய பிறகுதான், மனைவிக்கு இடமில்லை என்பது இலியாஸுக்கு உறைத்தது.

“மூட்டையைப் பஸ்ல போடட்டுமா?” என்றான் தயங்கி.

“பஸ்ல போட்டா யாராச்சும் மிதிச்சுடுவாங்க. நீங்க பத்திரமா கொண்டு வந்துடுங்க, நான் பஸ்ல வரேன்” என்று சாகிரா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பைக் கொஞ்சதூரம் பஸ்ஸுக்கு முன்னால் போனது. முந்திரித் தோல் ஒன்றிரண்டு காற்றில் பறந்தன. செந்துறை டீக்கடையில் அவன் வண்டியை நிறுத்தியபோது பஸ் அவனைத் தாண்டியது. சாகிரா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கயிறு தளர்ந்திருக்கு பாருங்க!” என்று கத்தினாள்.